ஆறு சுத்தமாகிவிட்டது, கரை யாருக்கு?

சிங்கப்பூர் ஆறு பெரிய ஆறு அல்ல. அதன் நீளம் சுமார் 3 கிலோமீட்டர்தான். விடிந்ததும் புறப்பட்டால், காலைக் காப்பி நேரத்துக்குள் முழு ஆற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆனால் அந்தச் சின்ன ஆறுதான் ஓர் ஊரையே வளர்த்து ஆளாக்கியது.

வளர்த்துவிட்ட ஆறு பிறகு செத்துப் போயிற்று. தண்ணீர் கறுத்தது. நாற்றம் தாங்காமல் மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். அந்த ஆற்றுக்கு அரசாங்கம் பத்து ஆண்டு பாடுபட்டு மறுபடியும் உயிர் கொடுத்தது. கரையில் இருந்த பழைய கட்டிடங்களை இடிக்காமல் புதுக் கடைகள் வைத்தார்கள். நடந்து போகப் பாதை போட்டார்கள். பழைய ஆற்றங்கரையைப் புதுப்பிக்க நினைக்கும் பல ஊர்கள் இன்று சிங்கப்பூரை எடுத்துக்காட்டுகின்றன.

பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஆற்றைச் சுத்தம் செய்தது எப்படி என்பது ஒரு பாதி. சுத்தமான ஆற்றின் கரையில் இப்போது யார் உட்கார முடிகிறது என்பது மறு பாதி.

முதல் பாதியைப் போல் மறு பாதி சரியாக அமையவில்லை.

தமிழர் ஓட்டிய படகு

1819-ம் ஆண்டு ராபிள்ஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஆற்றின் தென்கரை அப்போது வெறும் சேறும் சகதியுமாக இருந்தது. 1822-ல் பக்கத்தில் இருந்த ஒரு சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிச் சகதியை மேடாக்கினார்கள். அந்த மேட்டில் வரிசையாகப் பண்டகசாலைகள் எழுந்தன.

அதற்குப் பெயர் ‘போட் கீ.’ ‘கீ’ என்றால் சரக்கு இறக்கும் துறை.

ஆறு அந்த இடத்தில் வளைந்து, மீனின் வயிறு போல அகன்று இருக்கும். மீன் வயிற்றில் செல்வம் தங்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை. அதனால் அங்கே கடை போட அவர்கள் போட்டி போட்டார்கள். நம்பிக்கை வீண் போகவில்லை. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வியாபாரத்தில் முக்கால் பங்கு அந்த ஒரே கரையில் நடந்தது.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. அவை கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். அந்தப் படகைத் தமிழர்கள் தொங்கான் என்று சொன்னார்கள்.

தொடக்க காலத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து போன முஸ்லிம்கள். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் சூலியா தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. 1860-களுக்குப் பிறகு படகுத் தொழில் சீனர்கள் கைக்குப் போயிற்று. சீனர்கள் தங்கள் படகின் முகப்பில் இரண்டு பெரிய கண்களை எழுதினார்கள். படகுக்குக் கண் இருந்தால் ஆபத்து தெரியும் என்று நம்பினார்கள்.

படகு கரை சேர்ந்ததும் ஒரு பலகையைச் சாய்த்துப் போடுவார்கள். கூலியாட்கள் மூட்டையை முதுகில் சுமந்து, அந்தப் பலகை மேல் நடந்து பண்டகசாலைக்குப் போவார்கள். அரிசி மூட்டை, ரப்பர், மிளகு, காப்பிக் கொட்டை எல்லாம் முதுகின் மேல்தான் கரை ஏறின. கால் வழுக்கினால் ஆளும் மூட்டையும் ஆற்றில்.

அந்த வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டியார்களும் முக்கியமானவர்கள். ஆற்றங்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீளமான ஒரு வீடு. அதற்குள்ளே பல மார்க்காக்காரர்கள் தொழில் நடத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, கணக்கு எழுத ஒரு சிறு சாய்வு மேசை, கீழே விரித்த பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

டேங்க் ரோட்டில் இருக்கும் தண்டாயுதபாணி கோவிலை 1859-ல் கட்டியவர்களும் செட்டியார்கள்தான். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தக் கோவில். தைப்பூசத்துக்குக் காவடிகள் இன்றும் அங்கே வந்து சேருகின்றன. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் மட்டும் இல்லை. பெரிய கட்டிடங்கள் எழுப்புவதற்காக 1970-களில் அவை போய்விட்டன.

ஆறு செத்தது எப்படி?

யாரும் வேண்டும் என்று ஆற்றைக் கெடுக்கவில்லை. பிழைக்க வந்தவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு வீடு இல்லை. கரையோரம் பலகை வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்குக் கழிவு போக வழி இல்லை. எல்லாம் ஆற்றில் கலந்தது.

தெருவோரம் சாப்பாட்டுக் கடை போட்டவருக்குக் குழாய் இல்லை. எச்சில் தட்டைக் கழுவிய தண்ணீரைப் பக்கத்துச் சாக்கடையில்தான் ஊற்ற முடியும். அந்தச் சாக்கடை ஆற்றுக்குப் போயிற்று. மேட்டுப் பக்கத்தில் இருந்த பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளின் கழிவும் அப்படியே வந்து விழுந்தது. படகுகளின் எண்ணெய் வேறு.

1977 பிப்ரவரியில் பிரதம மந்திரி லீ குவான் யூ ஒரு நீர்த்தேக்கத்தைத் திறந்துவைக்கப் போனார். அங்கே அதிகாரிகளுக்கு ஒரு கெடு வைத்தார். பத்து ஆண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும்படி ஆகவேண்டும் என்றார்.

கேட்டவர்களுக்கு அது நடக்கிற காரியமாகத் தோன்றியிருக்காது.

முதலில் இடம், பிறகு சுத்தம்

எடுத்த எடுப்பில் ஆற்றில் இறங்கிக் குப்பை வாரியிருக்கலாம். பத்திரிகையில் படம் வரும். நாலு மாதத்தில் ஆறு பழையபடி ஆகிவிடும். பல ஊர்களில் நடப்பது அதுதான்.

சிங்கப்பூர் அதிகாரிகள் ஆற்றைக் கொஞ்ச காலம் விட்டுவைத்தார்கள். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடினார்கள். இரண்டு ஆறுகளுக்கும் தண்ணீர் வந்து சேரும் நிலம் நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதை எல்லாம் அலசினார்கள்.

சுமார் 26,000 குடும்பங்களை அங்கிருந்து எழுப்பி வேறு இடத்தில் குடிவைத்தார்கள். அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் பலர் போனார்கள். தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சுமார் 5,000 பேர். அவர்களுக்கு உணவங்காடி நிலையங்கள் கட்டினார்கள். மேலே கூரை, உள்ளே குழாய், கழிவு போகச் சாக்கடை, குப்பை போட இடம். அதே கைமணம், அதே வாடிக்கைக்காரர். எச்சில் தண்ணீர் மட்டும் ஆற்றுக்குப் போகவில்லை. அந்த உணவங்காடிப் பழக்கத்தை 2020-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிறு பட்டறைகள் 2,800-க்கு வேறு இடம் பார்த்தார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன.

எல்லோரும் சிரித்த முகத்தோடு போனார்கள் என்று சொல்ல முடியாது. தலைமுறையாகப் பன்றி வளர்த்தவருக்கு மாடி வீட்டில் என்ன வேலை? அந்தத் தொழிலே நாளடைவில் நாட்டில் இல்லாமல் போயிற்று. நஷ்டஈடு கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

படகுக்காரர்கள் கதை இன்னும் வருத்தமானது. 1972-ல் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குக் கொள்கலன் கப்பல் வந்தது. இரும்புப் பெட்டிகளைப் பாரந்தூக்கி நேராகக் கரையில் இறக்கிவிடும். இடையில் படகு எதற்கு? தொழில் தேய்ந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில், 1983-ல், மிச்சம் இருந்த சுமார் 800 படகுகளையும் ஆற்றைவிட்டுப் போகச் சொன்னார்கள். பாசிர் பாஞ்சாங் என்ற கடற்கரையில் இடம் ஒதுக்கினார்கள். ஆற்றுக்குள் இருந்த அமைதி அங்கே இல்லை. அலை அதிகம் என்று படகுக்காரர்கள் முறையிட்டார்கள்.

நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் படகு நிறைந்து கிடந்த ஆறு அந்த ஆண்டு வெறுமையானது.

அதன் பிறகுதான் தூர் வாரினார்கள். சேற்றை அள்ளிப் போட்டுக் கரையில் மணல் கொட்டினார்கள். இந்த வேலைக்கு ஆன செலவு ஏறக்குறைய 17 கோடி வெள்ளி. சிங்கப்பூர் டாலருக்குத் தமிழர் சொல்லும் பெயர் வெள்ளி. இடம் பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த நஷ்டஈடு இதில் சேராது.

1987-ல் கெடு முடிந்தது. ஆற்றில் மீன் இருந்தது.

2008-ல் ஆறு கடலில் கலக்கும் பக்கம் மரீனா அணை கட்டி உப்புத் தண்ணீரைத் தடுத்தார்கள். ஒரு காலத்தில் நாறிக் கிடந்த ஆற்றுத் தண்ணீர், நல்ல தண்ணீர் ஏரியில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு இன்று வீட்டுக் குழாயில் வருகிறது. நீர்நாய்கள்கூடக் குட்டிகளோடு திரும்பி வந்துவிட்டன. அவற்றைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடும். அதற்குக் கட்டணம் கிடையாது.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

ஆறு சுத்தமானது. கரையில் என்ன வைப்பது?

பண்டகசாலைகள் பூட்டிக் கிடந்தன. ஓட்டுக் கூரை போட்ட பழைய கடைவீடுகளில் சுவர் விரிந்து செடி முளைத்திருந்தது. இடித்துத் தள்ளிவிட்டு உயரக் கட்டிடம் கட்டினால் பணம் கொட்டும். பின்னாலேயே வங்கிகளின் வானளாவும் கட்டிடங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேர்ந்திருக்கும்.

நல்லவேளையாக நேரவில்லை. 1989 ஜூலையில் போட் கீயையும், கொஞ்சம் மேலே இருக்கும் கிளார்க் கீயையும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. வெளித் தோற்றத்தை மாற்றக் கூடாது. உள்ளே புதுத் தொழில் நடத்தலாம். 1993-ல் கிளார்க் கீ கேளிக்கைக் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. போட் கீயில் வரிசையாக உணவு விடுதிகள் வந்தன. தபால் ஆபீசாக இருந்த புல்லர்ட்டன் கட்டிடம் 2001-ல் பெரிய ஓட்டல் ஆயிற்று. எம்பிரஸ் பிளேசில் இருந்த பழைய சர்க்கார் கட்டிடத்தில் 2003-ல் அருங்காட்சியகம் வந்தது. 2013 முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் அதன் நிரந்தரக் கூடங்களைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இது நல்ல ஏற்பாடு.

பழைய கவேனா பாலத்தையும் இடிக்கவில்லை. அது சுமார் 150 ஆண்டுக்கு முந்தைய இரும்புப் பாலம். மாடும் குதிரையும் வரக் கூடாது என்று எழுதிய பழைய பலகைகூட அங்கே இருக்கிறது. இன்று மாடு எங்கே வரப்போகிறது? இருந்தாலும் பலகையை எடுக்காமல் விட்டது அழகு.

கட்டிடம் பிழைத்தது. ஆற்றோரம் நடக்கப் பாதை கிடைத்தது. சாயங்காலம் காற்று வாங்க யார் வேண்டுமானாலும் போகலாம். இவ்வளவும் சரி.

நடந்து கால் வலித்தால்? குழந்தை பசிக்கிறது என்று அழுதால்? அங்கேதான் தொல்லை.

கரையோரக் கடைகளில் பெரும்பாலானவை விலை உயர்ந்த உணவு விடுதிகள், மதுக்கடைகள், இரவுக் கேளிக்கை விடுதிகள். நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் ஒரு வாரச் செலவுக் காசு போய்விடும். சம்பளக்காரர் வீட்டுப் பாட்டியும் பேரனும் நடைபாதையில் நடக்கலாம், மெனுப் பலகையைப் படிக்கலாம், திரும்பிப் போகலாம்.

இத்தனைக்கும் ஆற்றின் முகப்பில், எம்பிரஸ் பிளேசில், 1973-ல் ஓர் உணவங்காடி நிலையம் திறந்தார்கள். ஆபீஸ் குமாஸ்தாவும் படகுக் கூலியும் மலிவாகச் சாப்பிட்ட இடம் அது. ஆற்றுக்காக இடம் மாறிய கடைகளை எப்படி நடத்துவது என்பதற்கு அதுவே சாட்சி. அதை 1990-களில் மூடினார்கள். கரை அழகாக ஆகிக்கொண்டிருந்த அதே காலத்தில்! ஆறு நாறிய நாளில் கரையில் இருந்த மலிவுச் சாப்பாடு, ஆறு மணந்த நாளில் இல்லாமல் போயிற்று. இது தேவையற்ற தவறு.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பழைய கட்டிடத்தைக் கெடுக்காமல் பழுது பார்க்கச் செலவு அதிகம். அந்த இடத்துக்கு வாடகையும் அதிகம். இரண்டு வெள்ளிக்குக் காப்பி விற்றால் கட்டுப்படி ஆகாது. சந்தையின் போக்கில் விட்டால் மதுக்கடைதான் வரும். அதனால்தான் இதில் அரசாங்கம் தலையிட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே வியாபாரத்தை நம்பினால்

ஏழைக்கு இடம் இல்லை என்பது மட்டும் குறை அல்ல. வியாபாரக் கணக்குப் பார்த்தாலும் அந்த ஏற்பாடு உறுதியாக இல்லை.

பழைய போட் கீயில் அரிசிக் கடைக்குப் பக்கத்தில் ரப்பர்க் கிடங்கு. அதற்குப் பக்கத்தில் மிளகு வியாபாரி. ஒரு சரக்கு விலை விழுந்தால் இன்னொரு சரக்கு தாங்கும். புதுக் கரையில் பெரும்பாலும் தின்பதும் குடிப்பதும்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் இரவு விடுதிகளை மூடினார்கள். அவை முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. இரண்டு ஆண்டு! இரவு வியாபாரத்தையே நம்பி இருந்த கிளார்க் கீயின் நிலையை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னாலும் பகல் நேரத்தில் அந்த இடம் தூங்கி வழியும்.

கிளார்க் கீயை நடத்தும் கம்பெனிக்கே இது புரிந்துவிட்டது. பல கோடி வெள்ளி செலவு செய்து இடத்தை மாற்றி, 2024-ல் புதுப்பித்துத் திறந்தது. பகலிலும் மக்கள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். மளிகைச் சாமான், காய்கறி விற்கும் பெரிய கடைகூட அங்கே வந்தது. குடம் குடமாக மது ஓடிய கரைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்து சேர முப்பது ஆண்டு பிடித்தது.

தங்கமும் வெண்கலமும்

1987-ல் ஆற்றைச் சுத்தம் செய்த அதிகாரிகள் பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். தகுதி உள்ளவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். சொன்ன நாளில் சொன்னதை முடிப்பது சாமானியமா?

படகுக்காரர்களுக்கும் கூலிகளுக்கும் என்ன கிடைத்தது? பிறகு அவர்களுக்கு வெண்கலத்தில் சிலை வைத்தார்கள். ஆற்றங்கரையில் மூட்டை ஏற்றும் கூலிகள் சிலை இருக்கிறது. செட்டியார் சிலை இருக்கிறது. கவேனா பாலத்துக்குப் பக்கத்தில் ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் சிலையும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலைகள் அருமையானவை. சீனப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் தாத்தா எப்படிப் பிழைத்தார் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். ஆனால் மூட்டை சுமந்தவரின் பேரன் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் கடையில் மனைவி மக்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறான் என்றால், சிலை வைத்ததன் மரியாதை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் கஷ்டமானது அல்ல. பரிகாரத்தைக் கண்டுபிடித்ததே சிங்கப்பூர்தான். வாடகையை அரசாங்கம் அடக்கி வைக்கும் ஓர் உணவங்காடி நிலையம் போட் கீ கரையில், ஆற்றைப் பார்த்தபடி வரவேண்டும். ஊருக்குள் நாலு தெரு தள்ளிப் போனால் அப்படிப்பட்ட நிலையம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டுதான். ஆனால் ஆற்றங்கரைக் காற்று அங்கே வராது. பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளில் சிலவற்றைத் தையல்காரர், புத்தகக் கடை, கடிகாரம் பழுது பார்ப்பவர் போன்ற சிறு தொழிலாளிகளுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கலாம். நடைபாதையில் நிழல் மரமும், காசு கேட்காத பெஞ்சுகளும் இன்னும் வேண்டும்.

செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் 1977-ம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அன்று 5,000 கடைக்காரர்களுக்கும் குழாயும் கூரையும் போட்டுக் கொடுக்க அரசாங்கத்தால் முடிந்தது. இன்று அந்த நாடு அன்று இருந்ததைவிடப் பல மடங்கு பணக்கார நாடு. ஆற்றங்கரையில் ஐம்பது கடை வைக்க ஓர் இடம் தேடுவது அதற்குப் பெரிய காரியமாக இருக்காது.